பதின்மூன்றாவது குழி

நாணயம் கைக்கு வந்ததும் டெல்மா பிராக்கெட் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் புரட்டி, கழுகின் வாலுக்குக் கீழே லென்ஸை வைப்பார். அங்கே பொடியாக இரண்டு 'சி' இருந்தால் அது எங்கள் கார்சன் சிட்டியின் பழைய நாணயச்சாலையில் அடித்த வெள்ளி டாலர். இல்லையென்றால், "அழகாத்தான் இருக்கு, பேத்திக்குக் குடு" என்று திருப்பித் தந்துவிடுவார்.

முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய அம்மாள். குரல் இன்னும் கடைசி இருக்கைவரை போகும். சனிக்கிழமை நாணயச் சங்கத்தில் எனக்குப் பக்கத்து மேசை. நான் நீட்டும் டோனட்டைத் தொடமாட்டார், விரலில் பிசுக்கு ஒட்டுமாம். யாராவது காசைச் சட்டையில் துடைத்தால் போச்சு. "யோவ், நூறு வருஷத்துக் கறுப்புய்யா அது! துடைச்சா திரும்பி வருமா?"

அவருடைய ஆல்பத்தில், இங்கே அந்த டாலர் அடித்த வருடத்துக்கு ஒன்றாக, பதின்மூன்று குழிகள். பன்னிரண்டு நிரம்பியாயிற்று. 1889-க்கான குழி மட்டும் காலி. அந்த வருடத்துக் காசில் பெரும்பகுதி உருக்கப்பட்டுப் போயிற்று என்பார்கள். மிஞ்சியதில் நல்லதாக ஒன்று வாங்கும் விலைக்குக் காரே வாங்கலாம். வேறு ஊர்க் காசில் 'சி' ஒட்டிக்கொண்டு வந்த நாலு பேரைத் துரத்தியிருக்கிறார். "வெச்சா நல்லதா வெப்பேன். இல்லேன்னா காலியாவே கிடக்கட்டும்." பிடிவாதக்காரி. எனக்கு அதுதான் பிடிக்கும்.

பண்ணைக்காரர் ஆரின் பியூ, தாத்தாவின் பெட்டியில் 1889 கிடைத்தது, கட்டுப்படியாகும் விலைக்கு டெல்மாவுக்கே தருகிறேன் என்று சொல்லியிருந்தார். போன சனிக்கிழமை வந்து கைக்குட்டையைப் பிரித்தார். காசு புத்தம்புதுக் கரண்டிபோலப் பளபளத்தது.

"உனக்குன்னுதான் டெல்மா, சோடா உப்பு போட்டு நல்லாத் தேய்ச்சேன்!"

டெல்மா லென்ஸில் பார்த்தார். அசல்தான். முகமெல்லாம் கீறல்.

"கொன்னுட்டியே, பாவி மனுஷா!" காசை ஆரின் பக்கமே தள்ளிவிட்டார். "பெட்டியில வேற இருக்கா?"

"பத்துப் பன்னெண்டு கிடக்கு. எண்பத்தொன்பதுலயே இன்னொண்ணு இருக்கு."

"அதையும் தேய்ச்சிட்டியா?"

"சேச்சே, நான் தொடல. அதெல்லாம் எங்க வீட்டுக்காரி ஐடா பாத்துக்கறேன்னா. நான் கிளம்பும்போதுதான் சோடா உப்பைக் கரைச்சுக்கிட்டிருந்தா."

"போன் போடுய்யா!" என்று நான் கத்தினேன்.

"பண்ணையில சிக்னல் ஏது?"

டெல்மா, மேசைமேல் கிடந்த ஆரினின் வண்டிச் சாவியைப் பறித்துக்கொண்டு, மடங்காத முழங்காலை இழுத்தபடியே வாசலுக்கு ஓடினார்.