பதினான்குக்குப் பிறகு பதின்மூன்று

“செண்பகம் எந்த மட்டுல கீதும்மா?”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஆனதும் ஜெயவேலு கோடம்பாக்கத்துக்குப் போன் போட்டுக் கேட்கிற முதல் கேள்வி இது. பக்கத்தில் நிற்பவர்கள், யாரோ நெருங்கிய சொந்தக்காரப் பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். தாம்பரம் முடிச்சூர் சாலையில் அவர் நடத்தும் பந்தல், நாற்காலி வாடகைக் கடைக்குப் புதிதாக வந்த ஒருவர், “என்ன வயசு சார்?” என்று கேட்டேவிட்டார். ஜெயவேலு போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அறுவத்தஞ்சு ஆவுது. இன்னும் லட்சணமா கீது” என்றார்.

செண்பகம் என்றால் ‘செண்பகத்தின் தீர்ப்பு’. உதயசந்திரா ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டுடியோவை இடித்து அடுக்குமாடி கட்டி இருபது வருஷம் ஆகிறது. நெகட்டிவ் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்துக் கிடந்தது. முதலாளியின் பேத்தி ஒரு சின்ன அலுவலகம் வைத்து, தாத்தா எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தூசு தட்டி, கீறலை எடுத்து, டிஸ்க்காக வெளியிட்டுவருகிறார். செண்பகத்துக்கு எப்போது விடியும் என்று ஜெயவேலு கேட்டதற்கு, இருநூற்றைம்பது பேர் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த அலுவலகத்தில் போனை எடுக்கும் தமிழினி என்ற பெண் இதைச் சொன்னபோது, ஆள் இத்தோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்திருப்பாள். பாவம், ஜெயவேலுவைத் தெரியாது.

மறுநாளே கடையில் ஒரு நீளமான நோட்டு வந்து உட்கார்ந்தது. நாற்காலி கேட்டு வருகிறவர் எத்தனை நாற்காலி, எந்தத் தேதி என்று சொல்லி முடிப்பதற்குள் நோட்டு அவர் பக்கம் திரும்பிவிடும். காதுகுத்து, சீமந்தம், வார்டு கூட்டம் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. துக்க வீட்டுக்கு ஷாமியானா போட்டால் மட்டும் காரியம் முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது கையெழுத்து வாங்கிவிட்டார். “போன்லயே பார்க்கலாமே அண்ணா, எல்லாம் நெட்ல இருக்கு” என்று யாராவது சொன்னால் போதும், அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“அது படமாய்யா? துணி தொவச்ச தண்ணி மாதிரி கீது. அதுவும் இன்னிக்கி இருக்கும், நாளைக்கி தேடினா இருக்காது. கையில புடிக்கிறா மாதிரி வோணும் எனக்கு.”

வீட்டு ஹாலில் அவருடைய டிஸ்க் அலமாரி இருக்கிறது. இரண்டாவது தட்டில், எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டு, மற்றவை சாய்ந்துவிடாமல் ஒரு மரத்துண்டைச் செருகிவைத்திருக்கிறார். மரத்துண்டில் ‘செ. தீர்ப்பு’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறது. ஆறு வருஷமாக அந்த இடத்தைக் காலி என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. கேட்டால், “ரிசர்வ்” என்பார். அவர் மனைவி பூவம்மாள் தலைவலித் தைலத்தை அங்கே வைப்பாள், அவர் எடுத்து வெளியே வைப்பார்.

படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால், கூட்டாளியைக் கொன்றதாகப் பழி விழுந்து செண்பகத்தின் கணவன் ஊரைவிட்டு ஓடிவிடுகிறான். கொஞ்சநாள் கழித்து மழையில் நனைந்தபடி, தலையில் கட்டுடன், வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். செண்பகம் ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்து உள்ளே விடுகிறாள். அதற்கப்புறம்தான் பழைய வேலைக்காரன் வந்து, ஐயா நிரபராதி என்ற உண்மையைச் சொல்கிறான். ஜெயவேலு தன் பதினாறாம் வயதில் கடப்பேரிப் பக்கமிருந்த டென்ட் கொட்டகையில், அது மறுபடி ஓடிய மூன்று வாரத்தில், பதினோரு தடவை பார்த்த படம் இதுதான். “தெரிஞ்சிகினு மன்னிச்சா அதுல இன்னா பெருமை? தெரியறதுக்கு மின்னியே கதவத் தொறந்தா பாரு. அதான் தீர்ப்பு!” என்று சொல்லும்போது அவர் குரல் இன்றும் தழுதழுக்கும்.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். கணவனின் மண்டையில் வில்லன் கட்டையால் அடிக்கிற காட்சி, அந்த வேலைக்காரன் உண்மை சொல்லும் இடத்தில்தான் வருகிறது. பூவம்மாள் இதை விடுவதே இல்லை.

“கட்டு மொதல்ல, அடி அப்பாலயா? நல்லா கீதே உங்க படம்!”

“அது வேற அடிடி. மொதல்லயே ஒண்ணு வாங்கியிருப்பான். எல்லாத்தையும் காட்டிகினு இருப்பாங்களா?”

கொட்டகையில் அன்று வாங்கிய பாட்டுப் புத்தகத்தை அவர் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் கதவு திறக்கும் பாட்டு, வேலைக்காரன் பாட்டுக்குப் பின்னால்தான் அச்சாகியிருக்கிறது. அது அச்சுக்கோப்பவன் செய்த தப்பு. ஒரு தடவை டிவியில் போட்டபோதும் உண்மை முதலில், கதவு பிறகு என்றுதான் வந்தது. அது டிவிக்காரன் விளம்பரத்துக்காகக் கலைத்துப்போட்டது. ஊர் உலகம் முழுக்கத் தப்பாக இருக்கலாம், பதினோரு தடவை பார்த்த கண் தப்பாக இருக்குமா?

பூவம்மாள் திருநீர்மலைப் பெண். கல்யாணமான இரண்டாம் வருஷம் ஜெயவேலு அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கோடம்பாக்கம் போய் ஸ்டுடியோக்களில் லைட் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஏழு மாசம் ஒரு கடிதாசு இல்லை. அவருக்கு அங்கே வேறு குடும்பமே இருக்கிறது என்று ஊரில் கதை கட்டிவிட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சோற்றுக்கே வழியில்லாமல் ஒருநாள் மத்தியானம் திரும்பி வந்தார். சொல்லவேண்டிய விளக்கத்தையெல்லாம் ரயிலிலேயே மனப்பாடம் செய்துவைத்திருந்தார். கதவைத் திறந்த பூவம்மாள், “கையக் கால கழுவிகினு வா, சோறு ஆறுது” என்றாள். அவ்வளவுதான். அவராகச் சொல்லும்வரை, இரண்டு வருஷம் அவள் கேட்கவே இல்லை. படத்தில் வருகிற மாதிரி நிஜத்தில் யார் செய்வார்கள் என்று எவராவது சிரித்தால், “செய்வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போய்விடுவார்.

போன மாசிக் கடைசியில் நோட்டில் இருநூற்றைம்பதாவது கையெழுத்து விழுந்தது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் அதே கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்கள். “கொட்டாய்ல பார்த்தா மாதிரியே வரும், நான் கேரண்டி” என்று ஒவ்வொருவருக்கும் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கோடம்பாக்கத்திலும் அவர்மேல் மரியாதை கூடியிருந்தது. வெளியிடுமுன் ஜெயவேலு சார் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று பேத்தியே சாம்பிள் டிஸ்க் ஒன்றை அனுப்பிவைத்தார். ரீலுக்கு ஒரு பகுதியாக, மொத்தம் பதினாறு.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. செண்பகத்தின் மூக்குத்தியில் கல் எத்தனை என்று எண்ணலாம். ஜெயவேலு அழுதுகொண்டே பார்த்தார். பதின்மூன்றாம் பகுதியில் வேலைக்காரன் உண்மையைச் சொன்னான். பதினான்கில் கதவு திறந்தது. அவர் அழுகை நின்றது.

“ரீலு மாறிக் கீதும்மா. பதினாலு மொதல்ல, பதிமூணு அப்பால. மாத்திப் போடு” என்று உடனே போன் செய்தார்.

“சார், நெகட்டிவ்லயே அப்படித்தான் இருக்கு” என்றாள் தமிழினி.

“நெகட்டிவ்வ டப்பால வச்சவன் தப்பா வச்சிருப்பான். நான் ஓகே சொல்ல மாட்டேன்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள டிஸ்க் அடிக்க அனுப்பணும் சார். விட்டா அடுத்த வருஷம்தான். நீங்க வேண்டாம்னு சொன்னா, பேர் கொடுத்தவங்களும் வேண்டாம்னுடுவாங்க. அப்புறம் அடுத்த வருஷமும் சந்தேகம்.”

“சாட்சியோட வர்றேன்” என்று வைத்துவிட்டார்.

சாட்சி ஊரப்பாக்கத்தில் இருந்தார். கொட்டகையில் படம் ஓட்டிய ஆபரேட்டர் ஃபிரெடி, வயது எழுபத்தாறு, மகள் வீட்டு இரண்டாம் மாடியில் வாசம். வெள்ளிக்கிழமை காலை ஜெயவேலு மின்சார ரயிலேறிப் போய், ஃபிரெடியை வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, போன் கேமராவை நீட்டினார்.

“ஃபிரெடிண்ணா, இதப் பார்த்து சொல்லு. பதினாலு மொதல்ல, பதிமூணு அப்பால. அவ்ளோதான்.”

ஃபிரெடி சிரிக்க ஆரம்பித்து, இருமலில் கொண்டுபோய் முடித்தார்.

“இன்னா மேன், அத்த இன்னுமா ஞாபகம் வச்சிகினு கீற? மொத நாள் செம மழை. படப்பெட்டி வண்டியிலேர்ந்து கவுந்துச்சு. டப்பா மூடியெல்லாம் தெறிச்சிடுச்சு. நம்பர் மூடியிலதான இருக்கும்? பதிமூணு மேல பதினாலு மூடியப் போட்டுட்டேன், பதினாலு மேல பதிமூணு. ஓட்டும்போதுதான் தெரிஞ்சுது. ஓனர் வந்து கன்னத்துல ஒண்ணு வுடப்போறார்னு பயந்துகினு இருந்தேன்.”

“வுட்டாரா?”

“நோ மேன். பொம்பளைங்க பக்கம் அப்டி ஒரு அழுகை. மறுநாள் சரிபண்ண மூடியத் தொறந்தேன், கைய எடுடான்னுட்டார். மூணு வாரம் தப்பு ரீலுதான் ஓடுச்சு. வேற எங்கயும் அந்தப் படம் ரெண்டு நாளைக்கி மேல நிக்கல, தெரியுமா?”

இவ்வளவும் கேமராவில் தெளிவாகப் பதிவாகிவிட்டது. ஜெயவேலு ஊரப்பாக்கம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ரயிலைப் போகவிட்டார். நாற்பத்தேழு வருஷமாகச் சண்டைபோட்டு ஜெயித்த ஆளெல்லாம் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்திருக்கவேண்டும். அவருக்கு வலித்தது. பிறகு போனை எடுத்தார்.

“சார், இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்றாள், செவ்வாய்க்கிழமைகளில் அவர் குரல் கேட்டுப் பழகிய தமிழினி.

“தெரியும்மா. செண்பகம் சரியாத்தான் கீது. நாங்கதான் மாத்திப் பார்த்துட்டோம். ஓகே. அனுப்பிடு.”

அடங்கிவிடுவார் என்று பார்த்தால், இரண்டே நாளில் மனிதர் மறுபடி நெஞ்சை நிமிர்த்திவிட்டார். நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு இருநூற்றைம்பது பேருக்கும் போன் போட்டார். “நான் சொன்னது தப்பு” என்றுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது, “உலகத்துக்கு ஒரு படம் எடுத்தான்யா, தாம்பரத்துக்குத் தனியா ஒண்ணு காட்டினான்!” என்று முடித்தார். ஒருவர்கூடப் பெயரைத் திரும்ப எடுக்கவில்லை.

சித்திரையில் டிஸ்க் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பூவம்மாள் கையில் தைல பாட்டில், வைக்க இடமில்லாமல். ஜெயவேலு கையில் ரிமோட்.

பன்னிரண்டாம் பகுதி முடிந்தது. பதின்மூன்றின் முதல் காட்சியாக வேலைக்காரன் ஒற்றை மாட்டுவண்டியிலிருந்து இறங்கினான். ஜெயவேலு கண்ணைத் திரையைவிட்டு எடுக்காமல், அடுத்த பகுதிக்குத் தாவும் பொத்தானை அழுத்தினார். வேலைக்காரன் மறைந்தான். மழை கொட்டியது. தலையில் கட்டுடன் ஒருவன் வாசலில் நின்றான்.

கட்டைப் பற்றிப் பூவம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

செண்பகம் கதவைத் திறந்தாள். பாட்டு முழுவதும் ஓடியது. பதினான்கு முடிகிற நேரத்தில் ஜெயவேலு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்து மாளவில்லை. திரையில் பதினைந்து தொடங்கிவிட்டது. பூவம்மாள் தைல பாட்டிலை மடியில் வைத்துவிட்டு, அவர் விரல்களிலிருந்து ரிமோட்டை உருவி, டிவிப் பக்கம் நீட்டி, ஒவ்வொரு பகுதியாகப் பின்னால் போகிற பொத்தானை இரண்டு தடவை அழுத்தினாள்.