காட்டான் மண்ணில் விட்ட காய்

கடலை ஆராய்ச்சிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் அவளுக்கு இடுக்கி என்றுதான் பெயர். களை பிடுங்க வேலைக்கு வந்தவள். மெல்லிய இடுக்கி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்; அதற்கப்புறம் அவள் அதைக் கீழே வைக்கவே இல்லை. சாயங்காலம் நிலக்கடலைச் செடியின் மொக்கைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிவாள். விடிந்ததும் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தொட்டுவைத்து, காம்பில் சிவப்பு நூல் கட்டுவாள். வீட்டில் யாருக்காவது விரலில் சிராய் ஏறினாலும் அவளைத்தான் தேடுவார்கள்.

அவள் சேர்த்துவைத்த ஜோடிகளில் பெரிய வம்பு பிடித்தது காட்டுக் கடலை. காட்டான் என்பார்கள். கண்ட பக்கமெல்லாம் படர்ந்து ஓடும். காய் சுண்டுவிரல் நகத்தளவு. வாயில் போட ஆகாது. ஆனால் இலையில் ஒரு புள்ளி விழாது. வயல் கடலைக்கு அந்தப் புள்ளி நோய்தான் எமன். அவளுடைய அக்கா வயலில் வருஷா வருஷம் இலை கருகிக் கொட்டும். மருந்தடித்து அடித்தே அக்காவுக்கு இருமல் நெஞ்சில் குடியேறிவிட்டது.

காட்டானின் திடத்தை வயல் கடலைக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. சொல்ல வாய் வலிக்காது. இரண்டையும் சேர்த்துப் பிறந்த பிள்ளைச் செடி மலடாகப் போயிற்று. பூக்கும், காய்க்காது. மலடு நீங்கத் தளிர் நுனியில் மருந்து வைத்து, செத்ததுபோக மிஞ்சியதைத் தேற்றி, இந்தப் பருவத்தில்தான் ஒரே ஒரு தொட்டியில் பூவின் காம்பு விழுதாக நீண்டு, காய் பிடிக்க மண்ணுக்குள் இறங்கியது.

பொறுப்பிலிருந்த மேடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். "இதுதாம்மா கடைசி. இதுலயும் விதை வரலன்னா இந்தத் தொட்டி மேடைய வேற வேலைக்குக் கேக்கறாங்க. என்னால தடுக்க முடியாது."

பிடுங்கும் நாள் வந்தது. வரிசையாக எல்லாத் தொட்டியிலும் செடியைப் பிடுங்கி, உதறி, தொட்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். அவள் கொழுந்தன்தான் அங்கே மண்காரன். காலியான தொட்டிகளை எடுத்துப்போய், மண்ணை நீராவி டிரம்மில் கொட்டி அவிப்பான். அப்போதுதான் பூஞ்சை சாகும், மறுபடி பயன்படும்.

"அண்ணி, உங்க காட்டு மாப்பிள்ளையோட புள்ளைய எப்பப் பிடுங்கறீங்க? பேரு வைக்கணும்ல!"

"வாய மூடிட்டு தொட்டிய எடு. அந்தப் புள்ளையோட கொடியக் கத்தரின்னு எத்தன தடவ சொன்னேன்? மேடையெல்லாம் ஓடிக் கிடக்கு."

"கத்தரிக்கோலு மொக்கை அண்ணி."

"நீதான் மொக்கை."

கடைசியாக அந்தச் செடியைப் பிடுங்கினாள். கொடி ஒன்று அறுந்தது. வேர் நிறைய சேறு. கழுவிப் பார்த்துக்கொள்ளலாம் என்று குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விட்டாள். சேறு கரைந்தது. விழுதுகள் நூல் நூலாகத் தொங்கின. ஒன்றிலும் காய் இல்லை.

 குழாயை மூடக் கை வரவில்லை. பின்னால் வந்து நின்ற மேடம் ஒரு விழுதைத் தூக்கிப் பார்த்தார்.

"நுனி புதுசா முறிஞ்சிருக்கே. காய்ச்சிருக்கும்மா! காட்டுக் கடலை காயை மண்ணுலயே விட்டுடுமே, மறந்துட்டியா?"

அவளுக்கா தெரியாது? காட்டான் தொட்டியின் மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தவளே அவள்தான். பிள்ளை இந்தக் குணத்திலும் அப்பனைக் கொள்ளும் என்று நினைக்கவில்லை. பிடுங்கினால் காய் கூடவே வரும் என்று பழகின கை, பழகினபடி தொட்டியைத் தள்ளிவிட்டது.

ஓடினாள். "தம்பி! கடைசித் தொட்டி மண்ணு எங்க?"

"எல்லாம் உள்ள வெந்துட்டிருக்கு அண்ணி. ஏன்?"

மூடியைத் திறக்கச் சொல்லி அலறினாள். ஆவி முகத்தில் அடித்தது. கொட்டிய மண்ணைச் சுடச்சுடக் கையால் துழாவினாள். இரண்டு காய்கள் அகப்பட்டன. ஒன்றை நசுக்கினாள். பருப்பு மாவாகப் பிதுங்கியது. அடுத்ததும் அப்படியே.  பின்னாலேயே வந்த மேடம் மீதி மண்ணையும் கிளறிப் பார்த்தார்; வேறு காய் இல்லை.

அவள் எதற்கென்றே தெரியாமல் மேடைக்குத் திரும்பினாள். தொட்டி இருந்த இடம் வட்டமாக வெறித்தது. அதன் பக்கத்தில் அறுந்த கொடி கிடந்தது. தள்ளிவிடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். கொடியிலிருந்து ஒரு விழுது இறங்கி, மேடையில் பரப்பியிருந்த ஈர மணலுக்குள் போயிருந்தது. கத்தரிக்காமல் விட்ட அதே கொடி.

இழுக்கவில்லை. மண்டியிட்டு இடுக்கியால் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். நகத்தளவு காய் ஒன்று. அதிலிருந்து நூல் போல நீண்டு, தள்ளி இன்னொன்று.  இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்த இடத்தைச் சுற்றி அணை கட்டினாள்.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி..." என்று கொழுந்தன் கிட்டே வந்தான்.

"அங்கயே நில்லு," என்றாள், காற்றுக் குரலில். "இந்த மணல்ல கை வச்ச, உன்னயும் டிரம்முல போட்டு அவிச்சிடுவேன். போ, மேடத்தக் கூட்டியா."