என் மனுசன் சொன்ன சாட்சி

என் மனுசன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் பொய் சொன்னார்: "நான் முந்தி குடிச்சுப்போட்டு வந்து மனிசிக்கு அடிக்கிறனான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டன் டூட்டிங்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் தமிழ்க் கிறிஸ்தவ சபை அது. அவர் அங்கே சேர்ந்து ஒரு வருடம். நான் இன்னமும் விம்பிள்டன் பிள்ளையாரின் கட்சிதான். சபைக்குப் போவது துணைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும். அங்கே சாட்சி சொல்வதென்றால், முன்பு எப்படி இருந்தேன், இப்போது எப்படி மாறினேன் என்று எல்லோர் முன்னும் சொல்லவேண்டும். முந்திய கிழமை சொன்னவர் சூதாட்டத்தில் கடையையே விட்டவர். அதற்கு முந்தியவர் சிறைக்கே போய் வந்தவர். என் மனுசனோ கிறிஸ்மஸுக்கு அரைக் கிளாஸ் வைன் குடித்தாலே சோபாவில் தூங்கிவிடுவார். அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே எனக்கு அடித்தார்.

மண்டபம் அல்லேலூயா என்று அதிர்ந்தது. சாப்பாட்டு வரிசையில் பெண்கள் என் தோளைத் தடவினார்கள். ஒருத்தி என் தட்டில் இரண்டு கோழிக்கால் வைத்து, "எல்லாத்தையும் தாங்கியிருக்கிறியள், அக்கா" என்று அழுதாள். கோழிக்கால்களைச் சாப்பிட்டேன். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அடி வாங்கிக்கொண்டு கிடக்கிற ஆளா?

பஸ்ஸில் கேட்டேன்.

"எப்ப எனக்கு அடிச்சனீங்கள்?"

"சும்மா சொன்னனான். மாறினது ஆக்களுக்கு விளங்கவேணுமெல்லே."

"அப்ப அடுத்த கிழமை நான் சொல்லுறன்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு நெற்றி நிறையத் திருநீற்றோடு போய் மைக்கை வாங்கினேன். பாஸ்டர் தடுக்கவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் நின்றார்.

"இவர் எனக்கு ஒருநாளும் அடிக்கேல்லை. இவருக்குக் குடிக்கவும் தெரியாது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு இறங்கிவிடத்தான் எண்ணியிருந்தேன். வாய் நிற்கவில்லை.

"எங்கட முதல் பிள்ளை வயித்திலேயே செத்துப்போச்சு. நான் ஆஸ்பத்திரியில கிடந்தன். இவர் பெட்ரோல் ஸ்டேஷனில ஷிப்டுக்குப் போனவர். கேட்டிருந்தா லீவு குடுத்திருப்பினம். கேக்கேல்லை. பிறகும் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கதையில்லை. இந்த வருசம் எனக்கு முழங்காலில ஒப்பரேஷன். கண் முழிச்சுப் பாக்கேக்க பக்கத்துக் கதிரையில இருந்தவர். மாறினது அவ்வளவுதான்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. அவர் எழுந்து என்னிடம் வந்தார். சண்டை பிடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஷிப்ட் முடிய ஆஸ்பத்திரி வாசல் மட்டும் வந்தனான்," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "உள்ளுக்கு வரப் பயமாயிருந்தது."

மனிசிக்கு அடித்தேன் என்று ஒரு மண்டபத்துக்கே சொல்ல வெட்கப்படாதவர், பயந்தேன் என்று எனக்குச் சொல்ல இத்தனை வருடம் எடுத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"வந்திருக்கலாமெல்லே," என்றேன்.

"ஓம்," என்றார்.