தம்பியின் சட்டைகள்

என் தம்பி தையல்காரன். அவன் உடுத்தும் அழகைப் பார்த்துத்தான் கடைக்கே ஆள் வந்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. அவன் போய்ச் சேர்ந்த பிறகு, அவனுடைய சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, காலர் மேல் காலராக அடுக்கி வைத்துவிட்டு, அவன் கூட்டாளிகள் மூவரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

"அவன் ஞாபகமா ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்கப்பா."

லாரி ஓட்டுகிறவர் நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்தார். கண் கலங்குவார் என்று பார்த்தால், முழித்தார்.

"அக்கா, இது என் சட்டை. கை நீளமா இருக்குன்னு குறைக்கக் குடுத்தேன். கேட்கும்போதெல்லாம் பட்டன்தான் பாக்கின்னான்."

"அட, என் கல்யாணச் சட்டை!" என்றார் மளிகைக் கடைக்காரர். "தொலைச்சுட்டேன்னு வீட்டுல எவ்வளவு வாங்கிக் கட்டிக்கிட்டேன்!"

சலூன்காரர் இரண்டு சட்டைகளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஊருக்கே நாகரிகம் காட்டிய மகராசன், அதை ஊரார் சட்டையில்தான் காட்டியிருக்கிறான். இனி கடைத்தெருவில் அவன் பெயர் என்ன ஆகுமோ! ஆனாலும் நான் வீம்பை விடவில்லை.

"போட்டுப் பாருங்க. அவன் வேலையில குறை இருந்தா சொல்லுங்க."

லாரிக்காரர் போட்டார். கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நூல்கூடப் பிசிறவில்லை.

"பாவி, எப்பவோ முடிச்சிட்டான்க்கா," என்று அந்தச் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தார்.

"தேச்ச சட்டைப்பா அது!" என்று அதட்டினேன்.

ஏற்றுக்கொண்ட வேலையை என் தம்பி முடிக்காமல் விட்டதில்லை. திருப்பிக் கொடுக்கத்தான் அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.