எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் ஒரு கொலை

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் லவோன் ஸ்ட்ராக்கா தன் பிக்கப்பைக் கொட்டகையின் நிழலில் நிறுத்திவிட்டு, சாட்டிலைட் ரேடியோவை மாட்ட உட்கார்ந்தாள். பதின்மூன்று வருடம் ஓடிய வண்டி. அதிலிருந்த ரேடியோ நன்றாகவே பாடும், ஆனால் அதற்குப் பாட்டு வந்து சேர வேண்டுமே. நெப்ராஸ்காவின் மணல்மேடுகளுக்குள் இருபது மைல் போனால் மாட்டு விலை சொல்லும் நிலையம் கூட இரைச்சலாகிவிடும்.

லவோனுக்கு ஐம்பத்தேழு வயது. நீர்வள அலுவலகத்தில் வேலை. விவசாயிகளின் பாசனக் கிணறுகளில் எவ்வளவு தண்ணீர் இறைத்திருக்கிறார்கள் என்று மீட்டர் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது மைல், தன்னந்தனியாக. கல்யாணம் ஒன்று நடந்து, ஆறே வருடத்தில் முடிந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவளும் பேசமாட்டாள், ஊரும் கேட்காது.

ரேடியோவை விற்ற கர்ட் போஹாட்டி, டேஷ்போர்டைக் கழற்றி ஒயரை நேராகப் பழைய செட்டோடு சேர்த்தால்தான் சத்தம் சுத்தமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். அதற்கு ஒரு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போக வேண்டும். லவோனுக்குப் பொறுமை இல்லை. சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற வகையே போதும் என்று வாங்கி வந்துவிட்டாள். காந்தம் வைத்த சின்ன ஆண்டெனாவைக் கூரை மேல் ஒட்டவைத்து, ஒயரைக் கதவு ரப்பருக்கு அடியில் நுழைத்து, டேஷ்போர்டுக்குக் கீழே கொண்டுவந்தாள். வானத்திலிருந்து வருவதைப் பெட்டி வாங்கி, வண்டி ரேடியோவுக்கு எஃப்.எம்.மில் அனுப்பும். காலியாக இருக்கும் ஒரு எண்ணை அதற்குக் கொடுக்க வேண்டும். அவள் வீட்டு முற்றத்தில் எண்பத்தெட்டு புள்ளி ஒன்று காலியாக இருந்தது. அதையே வைத்தாள்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு நூறு நிலையங்களும் அத்துப்படியாகின. கடைசியில் மனம் போய் நின்றது பழைய காலத்து நாடகங்கள் போடும் ஒரு நிலையத்தில். காலை ஏழு மணிக்குப் பதினைந்து நிமிடத் தொடர் ஒன்று வந்தது. கப்பலில் ஒரு டாக்டரை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். யார் என்று கண்டுபிடிக்கக் கேப்டன் கிடந்து திண்டாடினான்.

அந்த ஏழு மணிக்கு அவள் வண்டி ஒரே இடத்தில்தான் நிற்கும். ஜூன் மாதம் ஆற்றுப் பாலத்தில் வேலை தொடங்கி, ஒரு பக்கத்தை அடைத்துவிட்டார்கள். ரோஷெல் என்ற பெண் ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாகப் போ' என்று எழுதிய பலகை பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் பலகையைத் திருப்புகிற வரையில் இருபது நிமிடம், சில நாள் அரை மணி. காத்திருப்பதில் லவோனுக்குக் குறை இல்லை. பின்னால் வந்து நிற்கிற வண்டிதான் குறை. அதில் டோரீன் இருப்பாள்.

டோரீன் லவோனின் அண்ணன் கேலனின் மனைவி. ஒரே மண்சாலையில் ஒரு மைல் தள்ளி வீடு. டவுனில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கேலன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணையத்தில் புற்றுநோய், ஐந்து மாதம் படுக்கை. அந்த ஐந்து மாதமும், முதுகுவலி, யாரையும் பார்க்கிற மனநிலையில் இல்லை என்றே டோரீன் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மை லவோனின் காதுக்கு வந்தபோது மீதி நான்கே நாள். சவ அடக்கத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, டோரீன் கையைக்கூடத் தொடாமல் கிளம்பினாள். அதன்பின் ஒரு வார்த்தை கிடையாது.

ஜூனில் டோரீன் மரியாதையாக இரண்டு வண்டி நீளம் இடைவெளி விட்டு நின்றாள். ஜூலை பிறந்ததும் அந்த இடைவெளி குறையத் தொடங்கியது. தொடர் மூன்றாவது வாரத்துக்கு வந்தபோது அவள் வண்டியின் முகப்பு லவோனின் பம்பரை இடிக்காத குறையாக நின்றது. வம்புக்கு இழுக்கிறாள் என்றே லவோன் எடுத்துக்கொண்டாள். பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்க்கவும் மனமில்லாமல் அதை மேல்பக்கம் திருப்பி வைத்தாள்.

தொடரின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. விஷக்குப்பி இருந்த அறையின் கதவைக் கேப்டன் திறக்கிற நேரத்தில் ரோஷெல் ஜன்னலருகே வந்தாள். கிரேன் பழுதாகிவிட்டது, இன்று நேரமாகும் என்று சொல்ல வந்திருந்தாள். ஒருத்தர் பேசுகிறபோது ரேடியோ அலறக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் லவோன். சட்டென்று நிறுத்தினாள். ரோஷெல் அடுத்த வண்டிகளுக்குப் போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுபக்க ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

டோரீன் நின்றுகொண்டிருந்தாள். சமையலறை ஏப்ரனோடு, மூச்சு வாங்க. லவோன் எட்டிக் கண்ணாடியை இறக்கினாள்.

"எதுக்கு நிறுத்தினே?" என்றாள் டோரீன்.

"எதை?"

"கதைய. கேப்டன் கதவத் திறந்துட்டான். உள்ள யாருன்னு சொல்றதுக்குள்ள நிறுத்திட்டே."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா என் ரேடியோவுலயும் அதான் வருது. பாலத்துக்கிட்ட எண்பத்தெட்டு புள்ளி ஒண்ணுல பிரசங்கம் வரும். அதக் கேக்கலாம்னு வெச்சா, உன் வண்டி பக்கத்துல வந்ததும் பாதிரியார் போயிடறார், கொலைகாரங்க வந்துடறாங்க. தள்ளி நின்னா இரைச்சல். ஒட்டி நின்னாத்தான் கேக்குது."

லவோன் பின்னால் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் டோரீனே, "சீக்கிரம் போடேன், லவோன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். லவோன் கதவுப் பூட்டை எடுத்துவிட்டு, ரேடியோவைப் போட்டாள். டோரீன் ஏறி உட்கார்ந்தாள். கொன்றது கப்பலில் பியானோ வாசிக்கிறவன். "நான் அப்பவே நெனச்சேன்" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். டோரீன் உடனே இறங்கித் தன் வண்டிக்குப் போய்விட்டாள்.

அன்று முழுக்க லவோனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் வண்டிக்குள், தன் தனிமைக்குள், அந்த மனுஷி மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறாள், அது தனக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் வீட்டு முற்றத்தில் பெட்டியின் எண்ணை நூற்றியாறு புள்ளி ஏழுக்கு மாற்றினாள். கேட்டுப் பார்க்கட்டும்.

திங்கட்கிழமை புதுத் தொடர் ஆரம்பமானது. லவோன் பின்னால் காட்டும் கண்ணாடியைப் பழையபடி திருப்பிவைத்துப் பார்த்தாள். டோரீனின் கை டேஷ்போர்டுக்கு நீண்டிருந்தது. கொஞ்சம் திருப்புவாள், தலையைச் சாய்த்துக் கேட்பாள், மறுபடி கொஞ்சம் திருப்புவாள். வண்டியை இன்னும் ஒரு முழம் முன்னால் நகர்த்தினாள். மறுபடி திருப்பினாள். கால் மணி நேரம் அப்படியே தேடிவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சியைப் பார்க்கத்தானே எண்ணை மாற்றினோம் என்று லவோன் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். தொடரில் என்ன நடந்தது என்று ஒரு வரியும் அவள் மனதில் ஏறவில்லை.

மறுநாள் அவளே இறங்கிப் பின்னால் நடந்தாள்.

"நூத்தியாறு புள்ளி ஏழு" என்றாள் ஜன்னலில்.

டோரீன் ரேடியோவைத் தொடவில்லை. "நான் கேக்கக் கூடாதுன்னு மாத்துனியா?"

"ஆமா. அதுக்குத்தான்."

"சரி."

அதோடு திரும்பிப் போயிருக்கலாம். போகக் கால் வரவில்லை. இரண்டு வருடமாக உள்ளே கிடந்தது தானாக வெளியே வந்தது. "நாலு நாள், டோரீன். எங்கண்ணனப் பாக்க எனக்கு நாலே நாள் குடுத்தே."

டோரீன் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள். "அவர் என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார். லவோன் வந்தா அழுவா, அவ அழுது நான் பாத்ததே இல்ல, இப்பப் பாக்க என்னால முடியாதுன்னார். அஞ்சு மாசமும் அந்த சத்தியத்தக் காப்பாத்தினேன். அந்த நாலு நாள் அவர் குடுத்தது இல்ல. நான் கொட்டாய்ல போய் நின்னு, அவருக்குத் தெரியாம உனக்கு போன் பண்ணினேனே, அதுல வந்தது."

கட்டில் அருகே போய் நின்றதும் கேலன் முதலில் கேட்டது லவோனுக்கு நினைவு வந்தது. யார் சொன்னது உனக்கு என்றுதான் கேட்டான். அது பாசத்தில் கேட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்ததாக டோரீனிடம் சொன்னாள்.

"உனக்கு யார் சொன்னதுன்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றாள் டோரீன். "நீ கிளம்பினதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டார். மறுநாள் முழுக்க என்கூடப் பேசல. இருந்ததே மூணு நாள். அதுல ஒரு நாள் அப்படிப் போச்சு."

முன்னால் ரோஷெல் பலகையைத் திருப்பிவிட்டாள். பின்னாலிருந்த லாரி ஹாரன் அடித்தது. லவோன் ஓடிப்போய் வண்டியை எடுத்தாள். அன்று பதினோரு கிணறுகளில் மீட்டர் பார்த்தாள். அதில் மூன்றின் எண்ணைத் தப்பாக எழுதி, மறுநாள் அந்த மூன்றுக்கும் திரும்பப் போக வேண்டியதாயிற்று.

அதன்பிறகு பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. எண் மாறாமல் இருந்தது, டோரீன் ஒட்டி நின்றாள். சில நாள் தொடர் முடிந்ததும் ஒருத்தி இறங்கி வந்து, கதையில் யார் மேல் சந்தேகம் என்று மற்றவளிடம் சொல்லிவிட்டுப் போவாள். ஆகஸ்ட் கடைசியில் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். இனி யாரும் எங்கும் நிற்க வேண்டியதில்லை.

கர்ட்டின் கடையில் வண்டியை ஒரு நாள் விட்டுவிடுவது என்று லவோன் அதன்பின்தான் முடிவு செய்தாள். அவன் டேஷ்போர்டைக் கழற்றி, பெட்டியின் ஒயரைப் பழைய செட்டின் முதுகிலேயே சேர்த்துக் கொடுத்தான். இரைச்சல் துளி இல்லை. ஆனா இனிமே வெளியில ஒண்ணும் போகாது, வண்டிக்குள்ள உக்காந்தாத்தான் கேக்கும் என்று எச்சரிக்கையாகச் சொன்னான். அது தனக்குத் தெரியும் என்றாள் லவோன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவள் டோரீன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். எப்படியும் முதியோர் இல்லம் வழியாகத்தான் போகிறேன், இரண்டு வண்டிக்கு எதற்கு பெட்ரோல் என்று சொன்னாள். டோரீன் உள்ளே போய் காபி ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள்.

மன்னித்துவிட்டேன் என்று லவோன் சொல்லவில்லை. அவளால் அதைச் சொல்ல முடியுமா என்பதே சந்தேகம். சில காலைகளில் டோரீன் கேலனைப் பற்றி எதையாவது எடுத்தால் லவோன் சத்தத்தைக் கூட்டிவிடுவாள், டோரீனும் வாயை மூடிக்கொள்வாள். சண்டை வராது. அக்டோபரில் ஒரு நாள், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே, லவோன் சத்தத்தைக் குறைத்தாள்.

"பேசாம இருந்தார்னியே, ஒரு நாள். அப்பறம் எப்பப் பேசினார்?"

"அதுக்கு மறுநாள் காலையில" என்றாள் டோரீன்.

"என்னன்னு?"

"முட்டையில உப்பு இல்லன்னார்."

லவோன் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானபோது வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். டோரீன் ஃபிளாஸ்கின் மூடியில் காபி ஊற்றி வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அன்று இரண்டு பேருமே வேலைக்குத் தாமதமாகப் போனார்கள்.