தூக்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

அலுவலகத்தில் எனக்கு 'ஒற்றுப்பிழை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. நான் காபி குடிக்க எழுந்து போனதும் சொல்வார்கள். பிள்ளை வளர்ப்பவர்களுக்கும், வீட்டில் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் துணை நிற்கிற சின்னச் சின்னக் குழுக்களுக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளை எங்களுடையது. வரும் விண்ணப்பங்களைப் படித்து, சுருக்கி, கணினியில் ஏற்றி, தேர்வுக் குழுவுக்கு அனுப்புவது என் வேலை. ஏற்றும்போது பிழைகளைத் திருத்தாமல் விட எனக்கு மனசு வராது.

அந்த விண்ணப்பம் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதப்பட்டிருந்தது. திட்டத்தின் பெயர் என்ற கட்டத்தில் 'தூக்க மையம்' என்று இருந்தது. ஊக்கத்துக்கு முன்னால் ஒரு 'த்' வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது, பாவம் என்று சிரித்துக்கொண்டு 'ஊக்க மையம்' ஆக்கினேன். தேவை என்ற கட்டத்தில் 'முழித்திருக்க ஒரு ஆள்' என்று இருந்தது. அதையும் 'விழிப்புணர்வுப் பணியாளர் ஒருவர்' என்று குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்காரவைத்தேன். குழுவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி என்னையே அனுப்பினார்கள்.

முகவரி, மூடிப்போன ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் விட்டது. வாசலில் ஒரு பள்ளி வேன் நின்றது. நேரம் பதினொன்று. உள்ளே கைதட்டலும் பேச்சும் கேட்கும் என்று நினைத்து வந்தவன், எதுவும் கேட்காததால் கதவைக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்து 'ஷ்ஷ்' என்றாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை யாரும் அப்படி அடக்கியதில்லை. சுருக்கென்றது.

அவளுக்குப் பின்னால் வந்தவர்தான் விண்ணப்பம் எழுதியவர். கழுத்தில் விசில், உள்ளங்கையில் ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு, கண்ணுக்குக் கீழே மை தீட்டியது போல் கருப்பு. தெருவே அவரை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. கதவைத் திறந்தவள் அவருடைய மகள். பேச்சு வராது. பிறந்ததிலிருந்து இரவில் சரியாகத் தூங்கியதும் கிடையாது.

ஊக்கம் கொடுக்கும் வகுப்பு எந்த அறையில் நடக்கிறது என்று நான் கேட்டேன். அக்கா விழித்தார்.

"தூக்கம்னுதானே சார் எழுதினேன்?"

எனக்குக் காது சூடானது. அவர் அதைக் கவனிக்காமல், செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே கூட்டிப் போனார்.

முன்னறையில் ஒரு சுவர் முழுக்க ஸ்டூடியோக்காரர் விட்டுப்போன அருவிப் படம். அதன் முன்னால் ஒரு பெரியவர் சக்கர நாற்காலியில் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டிருந்தார். இரட்டைக் குழந்தைகள் ஒரே பொம்மைக்குச் சண்டை போட்டன, சத்தமில்லாமல். ஞாபகம் தவறிப்போன ஓர் அம்மா பட்டன்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கூடை நிறையக் கைபேசிகள். எது அடித்தாலும் அக்காதான் எடுப்பார். இவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் எங்கே என்று கேட்டேன். அக்கா உள்ளே இருந்த திரையை நாலு விரல் அகலத்துக்கு விலக்கினார்.

அது பழைய இருட்டறை. படம் கழுவுவதற்காகக் கருப்படித்து, ஜன்னல் இல்லாமல் கட்டியது. ஆறு பாய்கள். ஆறு பேர். மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவும் மறந்து தூங்கினார். இரட்டைக் குழந்தைகளின் அம்மா, குழந்தையைப் பிடித்திருப்பது போலவே கையை மடக்கி வைத்துத் தூங்கினாள், கைக்குள் ஒன்றுமில்லை. ஒருவர் வாய் பிளந்திருந்தது. தூங்குகிறவர்களை நான் பார்க்காதவனா? பஸ்ஸில், ரயிலில், ஏன், எங்கள் மாதாந்திரக் கூட்டத்திலேயே எத்தனை பேர். ஆனால் இவர்கள் தூங்குவதற்கென்றே கிளம்பி வந்து, ஒரு வேலையைச் செய்வது போல அத்தனை அக்கறையாகத் தூங்கினார்கள். அந்த ஆறு மூச்சும் ஒன்றையொன்று தேடிப்பிடித்து ஒன்றாகப் போவதைக் கேட்டேன். என் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

செயல்பாடு நடப்பதற்குப் புகைப்பட ஆதாரம் வேண்டும் என்பது விதி. பிளாஷ் அடித்தால் செயல்பாடு எழுந்து உட்கார்ந்துவிடும். கேமராவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மேஜையில் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே சீட்டுகள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், எப்படி எழுப்ப வேண்டும் என்று எழுதிப் போட்டுவிட்டுப் போவார்களாம். அக்காவிடம் கேட்டுவிட்டுப் படித்தேன். 'தோளைத் தொட வேண்டாம், பாதத்தைத் தொடவும்.' 'பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். எங்கள் வீட்டில் பெயர் சொன்னால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.' 'முதலில் அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்லுங்கள், பிறகு எழுப்புங்கள்.' முப்பது வருடமாக மனு, விண்ணப்பம், வேண்டுகோள் என்று மூட்டை மூட்டையாகப் படித்திருக்கிறேன். மனிதர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று இவ்வளவு நேராக எழுதி நான் பார்த்ததில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். கீழே விழுந்த ஒரு பட்டனை எடுத்துப் பட்டன் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அக்கா பேசினார்.

"நாலு வருஷம் முன்னாடி சார். காலையில, சிக்னல்ல நிக்கறேன். வண்டி நிறையப் பிள்ளைங்க. பின்னாடியிருந்து ஒரு வாண்டு, 'ஆன்ட்டி, பச்சை வந்து போயே போச்சு'ங்குது. நான் தூங்கியிருக்கேன் சார். பிரேக்குல கால வச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன்."

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மதியமே அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம் மகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படுத்தார். எழுந்தபோது, பக்கத்து வீட்டுக்காரியும் மாமனாரை வைத்துக்கொண்டு இதேபோல் நின்றபடியே தூங்குகிறவள்தான் என்று தெரிந்தது. அவளை மறுநாள் படுக்கவைத்தார். அப்புறம் அவளுடைய தோழி, தோழியின் அண்ணன் என்று ஆள் சேர்ந்தது. காலைச் சவாரி ஒன்பதுக்கு முடியும், மதியச் சவாரி ஒன்றரைக்குத் தொடங்கும். நடுவில் இருக்கும் நேரத்தை அப்படியே தூக்கி ஊருக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய கணவர் இரவுக் காவலாளி. முழித்திருப்பதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு, தனக்கு அதுவும் இல்லை என்று அக்கா சிரித்தார்.

அவருடைய பாய் எது என்று கேட்டேன்.

"எனக்கா? நான் முழிச்சிருந்தாத்தானே சார் அவங்க தூங்க முடியும்."

பிறகு அவரே சொன்னார். போன மாதம் மறுபடியும் கண் சொருகியதாம். பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால், வண்டி நிற்கும்போதுதான். இருந்தாலும் சொருகியது சொருகியதுதான். மையத்தைச் சாத்திவிட்டால், மகள் பகலில் கண்ணயரும் அரை மணியில் தானும் கண்ணயரலாம். முழித்திருக்க இன்னொரு நம்பிக்கையான ஆள் கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு சாத்திவிடுவதாக முடிவு செய்திருந்தார். அதைச் சொல்லும்போதும் ஒரு காது திரைப் பக்கமே இருந்தது.

நான் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட வாக்கியம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் கேட்டதெல்லாம் முழித்திருக்க ஒரு ஆள்.

குழுக் கூட்டத்தில் முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டேன். ஊக்கம் இல்லை, தூக்கம். விழிப்புணர்வு இல்லை, வெறும் விழிப்பு. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒற்றுப்பிழைக்கே ஒற்று இடறியதில் அவர்களுக்கு அப்படி ஒரு திருப்தி. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூங்குவதற்கெல்லாமா நிதி கொடுப்பது, வீட்டில் தூங்கினால் ஆகாதா என்று கேட்டார்.

"வீட்ல படுத்தா ஒரு காது முழிச்சே இருக்கும் சார். அங்கதான் ரெண்டு காதும் தூங்குது," என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

பிறகு, குறித்துக்கொண்டு வந்திருந்த சீட்டு வாசகங்களைப் படித்தேன். மூன்றாவதைப் படித்ததும் யாரும் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் குழுவில் இருக்கிறார், கோப்பைப் புரட்டிக்கொண்டே தலையாட்டுகிறவர். அவர் புரட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த அப்பா சீட்டை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். ஆறு மாதத்துக்கு மட்டும், பிறகு பார்க்கலாம் என்று தலைவர் கையெழுத்துப் போட்டார். திட்டத்தின் பெயரில் நானே என் கையால் 'த்'தைத் திரும்பச் சேர்த்தேன்.

புதிய ஆள் வேலைக்குச் சேர்ந்த மறு வாரம், அனுமதிக் கடிதத்தின் நகலைக் கொடுக்க நானே போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். எனக்கு அந்த அறையை இன்னொரு தரம் பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறை விரல் நுனியால் தட்டினேன்.

மகள்தான் திறந்தாள். உதட்டில் விரல், 'ஷ்ஷ்'. ஆனால் அன்று அவள் அதோடு நிற்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துத் திரைக்குக் கூட்டிப்போய், நாலு விரல் அகலத்துக்கு விலக்கிக் காட்டினாள்.

ஏழாவதாக ஒரு பாய் போட்டிருந்தது. கழுத்து விசிலைக்கூடக் கழற்றாமல் வேன் அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் லேசாக ஏறி இறங்கியது. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் அம்மாவைத் தூங்கவிடாதவள், அந்தத் தூக்கத்துக்குக் காவல் நின்றாள்.

புதிதாகச் சேர்ந்த அம்மாள், எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அருவிப் படத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். ஒன்று பத்துக்கு எழுப்ப வேண்டும் என்று அவர் தகர டப்பாவிலிருந்து அக்காவின் சீட்டை எடுத்துக் காட்டினார். நேரத்துக்குக் கீழே, அழுத்தி அழுத்தி எழுதிய அதே கையெழுத்து.

'எப்படி எழுப்பனும்னு எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாரும் எழுப்பினதில்லை.'

மூன்று சுழி வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டிருந்தார். என் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.