கயிறு கை மாறிய பிறகு

கன்றின் வாய்க்குள் கட்டைவிரலை விட்டு, அதைச் சப்பவிட்டுக்கொண்டே வாங்க வந்தவரிடம் பேசுவார் தரகர். கண் வந்தவர் மேல் இருக்கும், விரல் கன்றின் நாக்கில் இருக்கும். "பசியப் பாத்தீங்களா? இப்படிச் சப்புற கன்னு நாளைக்குக் குடம் குடமாக் கறக்கும். கண்ண மூடிட்டு ஓட்டிட்டுப் போங்க." விரலை எடுத்து, எச்சிலைக் கன்றின் முதுகிலேயே தடவிவிடுவார். தடவிய இடம் பளபளக்கும். அதையும் காட்டி, "மினுமினுப்பப் பாருங்க" என்பார்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'கண்ண மூடிட்டு' என்று சொல்கிறாரோ, அவருக்கே தெரியாது. எங்கள் பக்கத்தில் அவருக்குக் கண்ணமூடித் தரகர் என்றே பெயர். பண்ணைகளில் கலப்பினக் கிடாரிகளை, அதாவது பெண் கன்றுகளை, பால்குடி மறக்கும் முன்பே வாங்கி வந்து, சில மாதம் வளர்த்து, ஒரு மாடு இரண்டு மாடு வைத்துப் பிழைக்க நினைப்பவர்களுக்கு விற்பது தொழில். உங்களுக்குத் தெரிந்த சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுங்கள் என்று பத்திரிகைக்காரர் கேட்டபோது எனக்கு இவர் முகம்தான் வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. பாராட்டி எழுத வேண்டுமானால் வேறு ஆளைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் கொட்டகைக்குத் தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுவர் நெடுக இரும்பு வளையங்கள், வளையத்துக்கு ஒரு கன்று. வாசல் ஆணியில் இரண்டு சீப்புகள் தொங்கும். ஒன்று கன்றுகளுக்கு, ஒன்று அவருக்கு. அவசரத்தில் மாறிப்போகும், இரு தரப்பும் புகார் சொன்னதில்லை. ஆள் வருகிற நாளில் காலையிலேயே கன்றுகளுக்கு உப்பை நக்கக் கொடுத்து, அப்புறம் வாளி வாளியாகத் தண்ணீர் காட்டுவார். ஒட்டிய வயிறெல்லாம் உருண்டு நிற்கும். மதியத்துக்குள் வியாபாரம் முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வயிறு பழையபடி வற்றிவிடும்.

எல்லாரும் அவருக்குச் சொந்தம். பெண்கள் தங்கச்சி, ஆண்கள் தம்பி, பல் போன கிழவரும் தம்பிதான். பொய் சொல்லவே மாட்டார். இதை அவர் நெஞ்சைத் தட்டிச் சொல்வார், நானும் மறுக்கவில்லை. கேட்காத எதையும் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவன் எதற்கு ஐயா இவரிடம் வந்து மாட்டுகிறான்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நானும் அவரைப் போல் ஆகிவிடுவேன். கழிச்சல் கண்டு துவண்டு கிடக்கும் கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். "முழுங்குடி கண்ணு, முழுங்கு" என்று கெஞ்சுவார். அதன் கண் பீளையைத் துடைத்த கைக்குட்டையாலேயே தன் முகத்தையும் துடைத்துக்கொள்வார். மருத்துவர் கைவிட்ட கன்றுகூட அவர் மடியில் எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷன்தான் இந்த வேலையும் செய்கிறார் என்பதில்தான் எனக்கு ஆத்திரம் இரட்டிப்பாகிறது.

அவர் தொழிலில் எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. விற்பவர் கையிலிருந்து கயிறு வாங்குபவர் கைக்குப் போனால் வியாபாரம் முடிந்தது. "கயிறு கை மாறிடுச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது" என்பார். அவர் கைகளும் அப்படிப் பழகியவை. யாராவது கயிறு நீட்டினால், வேறு பக்கம் பேசிக்கொண்டிருந்தாலும் கை தானாக வந்து வாங்கிக்கொள்ளும்.

என் அக்கா அவரிடம்தான் கன்று வாங்கினாள். அக்காவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. வெளுப்புத் தூள் அரித்து விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பிடும்போது உப்புப் பட்டால் துடிப்பாள். மாமா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவர், வெளி வேலைக்குப் போக முடியாது. வீட்டோடு இருந்து ஒரு மாட்டைப் பார்த்துக்கொள்ள முடியும். கன்று வளர்ந்து, சினையாகி, ஈன்று கறவைக்கு வந்துவிட்டால் அக்கா சலவைக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். பக்கத்து விடுதிக்காரர் பால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவைத்திருந்தார். இரண்டு வருஷம் அந்த நம்பிக்கையில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

கிடாரி வளர்ந்தது. மதமதவென்று வளர்ந்தது. ஆனால் பருவத்துக்கு வரவில்லை. ஒரு தடவைகூடக் காளை தேடிக் கத்தவில்லை. கழுத்து காளைக்குப் போல் தடித்துக்கொண்டே போனது. சினை ஊசி போட வந்த மருத்துவர் கையுறை மாட்டிப் பரிசோதித்துவிட்டு, "இது இரட்டையில் பிறந்ததா?" என்று கேட்டார். கூடப் பிறந்தது காளையாக இருந்தால், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கலந்து கிடாரியின் கர்ப்பப்பை வளராமல் போய்விடுமாம். பத்தில் ஒன்பது அப்படித்தானாம். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும் என்றார். மாமா அறுத்து வைத்திருந்த புல்லை அதற்குப் போட்டார். வேறு என்ன செய்வார்?

நான் கொதித்துப்போய் அக்காவை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். தரகர் கன்றுக்குச் சீவிக்கொண்டிருந்தார்.

"இது இரட்டையில பிறந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சே எப்படி வித்தீங்க?"

"தங்கச்சி கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" சீப்பில் சிக்கிய மயிரை ஊதினார். "கன்னுதானே வித்தேன், கர்ப்பப்பையவா வித்தேன்? சரி, ஆனது ஆச்சு. நல்ல சதைப்பிடிப்பா இருக்கு, அடிமாட்டுக்குக் கேப்பாங்க. நானே பேசி முடிச்சுத் தரேன்."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இங்கே எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார். தரகர் அசையவில்லை. "கயிறு கை மாறியாச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் காலையில் அந்தக் கிடாரியை நடத்திக்கொண்டு போய் அவர் கொட்டகை வாசல் கம்பியில் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சலவைக்கூடத்துக்கு லீவு. கன்று பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். "வாங்க, இதப் பாத்துட்டு உள்ள போங்க. இரட்டையில பிறந்தது, மலடு. உள்ள இருக்கறவரு கேட்டாத்தான் சொல்லுவாரு, நான் கேக்காமலே சொல்றேன்." வந்தவர்கள் கிடாரியின் கழுத்தைப் பார்த்தார்கள், தரகரின் முகத்தைப் பார்த்தார்கள், வந்த வழியே போனார்கள். தரகர் வெளியே வந்து, "ஏன் தங்கச்சி என் பொழப்புல மண்ணள்ளிப் போடுற?" என்றார். "உங்க பொழப்பு மட்டும்தான் பொழப்பாண்ணே?" என்று அக்கா கேட்டாள். நான்காம் நாள் அவர் இறங்கி வந்தார். கிடாரியை அவரிடம் விட்டுவிடுவது, பதிலுக்குப் பண்ணையிலிருந்து ஒரு புதுக் கன்று.

அக்கா கிடாரியின் கயிற்றை அவரிடம் கொடுத்தாள். அது வளையத்தில் கட்டப்படும்போது கத்தியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதை அவிழ்த்துக்கொண்டுதான் வந்திருப்பாள்.

பண்ணைக்கு அவர் வண்டியிலேயே போனோம். வழியெல்லாம் குஷியாகப் பேசிக்கொண்டு வந்தார். அவருடைய சின்ன மகளும் மாப்பிள்ளையும் புதிதாகக் கொட்டகை போட்டிருக்கிறார்களாம், அவளுக்கும் இன்றைக்கே ஒரு கன்று எடுக்க வேண்டுமாம். பண்ணைக்காரர் நீளமான ஒரு கொட்டிலுக்குள் அழைத்துப் போனார். சாணமும் புளித்த தீவனமும் கலந்த வாடை. தரகர் நுழைந்ததும் நெற்றியில் வெள்ளைச் சுட்டி விழுந்த ஒரு கன்றை அவிழ்த்து வந்து, அக்காவுக்குப் பக்கத்துத் தூணில் கட்டினார். வாய்க்குள் கட்டைவிரலை விட்டார். "பசியப் பாத்தியா? உனக்குன்னே பொறந்தவ. கண்ண மூடிட்டு ஓட்டிட்டுப் போ தங்கச்சி."

அக்கா கயிற்றைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "முதல்ல உங்க மகளுக்குப் பாருங்கண்ணே."

மகளுக்குப் பார்க்கத் தொடங்கியதும் ஆளே மாறிவிட்டார். பேச்சு நின்றது. ஒரு செவலைக் கன்றைத் தேர்ந்தெடுத்து, தொப்புளை அமுக்கிப் பார்த்தார், காம்புகளைத் தடவி எண்ணினார், வாலைத் தூக்கிப் பார்த்தார், குளம்பைத் தட்டினார். மூக்கை அதன் வாயருகே வைத்து மோந்தார். அப்புறம் பண்ணைக்காரரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஒத்தையா, ரெட்டையா?"

"ஒத்தக் கன்னுதாண்ணே."

"தாயக் காட்டு."

தாயின் மடியைத் தடவிப் பார்த்தார். அதோடு விட்டாரா? பின்கட்டில் காளைக்கன்றுகள் அடைத்திருந்த பட்டிக்குப் போய், செவலை நிறத்தில் அதன் ஜோடி ஏதாவது நிற்கிறதா என்று ஒவ்வொன்றின் முகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டால்தான் சொல்வேன் என்கிற மனுஷன், கேட்டுப் பதில் வந்த பிறகும் நம்பவில்லை. திரும்பி வந்து, திருப்தியாகத் தலையாட்டி, பண்ணைக்காரர் கையிலிருந்து செவலையின் கயிற்றை வாங்கினார்.

அக்கா இரண்டே எட்டில் அவரிடம் போனாள். அவர் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் கயிற்றை அவர் கையிலிருந்து உருவித் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"இது போதும்ணே எனக்கு."

"ஏய், அது என் மகளுக்கு..."

"கயிறு கை மாறிடுச்சுண்ணே. அப்புறம் பேச்சே கிடையாது."

பண்ணைக்காரருக்குத் திடீரென்று தொட்டியில் தண்ணீர் விடுகிற வேலை ஞாபகம் வந்துவிட்டது, போய்விட்டார். தரகர் என்னைப் பார்த்தார். நான் ஏன் உதவிக்கு வரப் போகிறேன்? அக்கா செவலையை இழுத்துக்கொண்டே தூணுக்குப் போனாள். வெடித்த விரல்களால் முடிச்சை அவிழ்த்து, வெள்ளைச் சுட்டிக் கன்றை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அந்தக் கேள்விய இதுக்கு மட்டும் நீங்க கேக்கவே இல்லையேண்ணே. பரவாயில்ல, நானும் கேக்கல. நல்லாத்தான் சப்புது." கயிற்றை நீட்டினாள். "இந்தாங்க. உங்க மகளுக்குக் கண்ண மூடிட்டு ஓட்டிட்டுப் போங்க."

அக்கா நீட்டிய கயிற்றைத் தரகர் பார்த்தார். வலது கை பழக்கத்தில் பாதி தூரம் வந்தது. சட்டென்று அதை இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.